பின்னோக்கி நடக்கும் பொம்மை

அத்தியாயம் 3

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்குக் குருவிநத்தத்தில், மணிபாரதியின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் விவரம் பின்வருமாறு.

மின்விசிறிக்கு நேர்கீழே, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வகுமாரி. வில்லியனூரில் டயர் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துபவள், வயது நாற்பத்தாறு, மடியில் கோடு போட்ட நோட்டு. அவளுக்கு வலப்புறம், சுவரோரம் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் மேல் பக்கிரி. அவளுடைய உதவியாளன், முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர், நாற்காலி தன்னைத் தாங்காது என்று அவனே சொல்லி மூட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவன். தரையில் சம்மணமிட்டு, எதிரே முக்காலியில் ஓர் இரவல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தென்றல். மணிபாரதியின் தங்கை, இருபத்து மூன்று வயது, வழக்கைக் கொண்டுவந்தவள். சமையலறை வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, பின்னி முடியாத ஒரு வயர் கூடையோடு கல்பனா. மணிபாரதியின் மனைவி, தென்றலுக்கு அண்ணி. மணிபாரதி கரும்பு வெட்டுக்குப் போயிருந்தான்.

ஐந்தாவதாக இன்னொருத்தியும் இருந்தாள். அவளுக்கு உட்கார இடம் தேவைப்படவில்லை. லேப்டாப் திரையில், கட்டைவிரல் உயரத்தில், முதுகை வளைத்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"திருட்டுப்போனது இவதான் மேடம்," என்றாள் தென்றல்.

பக்கிரி மூட்டையிலிருந்து எட்டிப் பார்த்தான். "இம்மாம் சின்ன ஆளா? இவளுக்கு ஆதார் எடுத்தா கைரேகைன்னு ஒரே ஒரு புள்ளிதான் வுழும்."

"எல்லாமே புள்ளிதான் சார். அகலத்துல அறுபத்து நாலு, உயரத்துல முப்பத்திரண்டு. ஒவ்வொரு புள்ளியா நெறம் வெக்கணும். கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பன்னெண்டு படம் வரைஞ்சி வரிசையா ஓட்டுனா, நடக்கறா மாதிரி தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் பிரேம்னு பேரு. கேம்ல ஓடறது குதிக்கறது எல்லாம் இப்படித்தான் வரையறாங்க."

"மேடம், நமக்கு மாப்பிள்ளை விசாரிக்கற கேசுதான் ஒத்துவரும். அவன் பொய்யே சொன்னாலும் ஆறடி இருப்பான். கண்ணுக்குத் தெரிவான்."

"பக்கிரி, வாய மூடு. நீ சொல்லும்மா."

தென்றல் சொன்னதைச் செல்வகுமாரி எழுதிக்கொண்டாள். மதகடிப்பட்டில் ஒரு பயிற்சி மையம். அங்கே இந்தப் பொம்மைப் படம் வரையும் சாஃப்ட்வேரைச் சொல்லித் தருகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு கேம் கம்பெனி வந்து, கிராமத்து வேலை ஒன்றை வரைந்து கொடுங்கள், நன்றாக வரைந்த மாணவருக்கு வேலை என்றது. ஒரே ஒரு வேலை. ஜனவரி இருபதாம் தேதி ஹரிஹரன் என்ற மாணவன் தன் படத்தைக் கொடுத்தான். இருபத்திரண்டாம் தேதி தென்றல் கொடுத்தாள். பன்னிரண்டு பிரேமும் புள்ளிக்குப் புள்ளி ஒன்று. பின்னால் வந்தவள்தான் திருடி என்று மையத்தின் தலைவர் அரங்கநாதன் முடிவு கட்டிவிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்ட கடுதாசி, ஆதாரத்தோட, சென்னைக்குப் போய்ச் சேரணுமாம் மேடம். ஈமெயில் செல்லாதாம். இல்லன்னா வேலையும் கெடையாது, மையத்துல இருந்தும் பேர எடுத்துடுவாங்களாம். ஆறு மாசம் போய் வந்துட்டு, கடைசியில... திருடின்னு பேரு."

பாகூர் தபால் நிலையத்தில் விரைவுத் தபால் மூன்று மணி வரைதான் வாங்குவார்கள். செல்வகுமாரி நோட்டில் மூன்று என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

"வரைஞ்ச ஒரிஜினல் எங்க?"

"டிசம்பர்ல தென்பெண்ணை வூட்டுக்குள்ள வந்துச்சே மேடம். இடுப்பளவுத் தண்ணி. லேப்டாப் பீரோவுக்கு அடித்தட்டுல இருந்துச்சு. பென் டிரைவ்ல வெச்சிருந்தது மட்டும் தப்பிச்சது. ஓடற படம் ஒண்ணு. பன்னெண்டு பிரேமையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுன ஷீட் ஒண்ணு."

"அந்தப் பையன் கைக்கு எப்படிப் போச்சு?"

"ஷீட்ட மட்டும் ஒருநாள் மையத்துல நாலாம் நம்பர் சிஸ்டத்துல காப்பி பண்ணேன். அழிக்க மறந்துட்டேன். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு."

"கதவத் தொறந்து போட்டுட்டு பூட்டுக்குப் பாலிஷ் போட்டிருக்காங்க," என்றான் பக்கிரி.

செல்வகுமாரி பேனாவை நிமிர்த்தினாள். "இதுல நீ மொதல்ல வரைஞ்சது எது?"

"மொத பிரேம்தான் மேடம். கை நெறைய நாத்து முடியோட, நாத்துக்கட்டோட அவ நிக்கறது."

"ஏன் அஞ்சே நெறம்?"

"சும்மாதான்... நல்லா இருந்துச்சு."

இரண்டையும் எழுதிக்கொண்டாள். "சரி. இப்ப அந்தப் பையனோடத ஓட்டு."

மையத்தில் ஆதாரமாகக் கொடுத்த நகலைத் தென்றல் ஓட்டினாள். அதே பெண், அதே சேறு, அதே நாற்று வரிசை. ஆனால் இவள் முன்னோக்கி நடந்தாள். நடக்க நடக்கச் சேற்றில் நின்ற நாற்றுகள் ஒவ்வொன்றாக எழும்பி அவள் கைக்கு வந்தன. கடைசியில் வயல் காலி. கை நிறைய நாற்று. படத்துக்கு மேலே ஹரிஹரன் தலைப்பு வைத்திருந்தான்: நாற்றுப் பறிப்பு.

வாசற்படியில் கல்பனா குபீரென்று சிரித்துவிட்டாள். அதுவரை அவள் வாயே திறக்கவில்லை.

"இன்னாம்மா?" என்றாள் செல்வகுமாரி.

"ஒண்ணும் இல்லக்கா."

"சொல்லு."

கல்பனா வயரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நட்ட நாத்த எவளாச்சும் புடுங்குவாளா? நாத்து வளக்கற நாத்தங்கால்ல புடுங்கறதுன்னா நெருக்கமா, மெத்த மாதிரி இருக்கும். ரெண்டு கையாலயும் கத்தையா இழுத்து, கால்ல அடிச்சி சேத்த ஒதறணும். இது வரிசையா எடம் வுட்டு நிக்குது பாருங்க. இது நட்டது. நட்டத இப்படி ஒண்ணொண்ணாப் புடுங்கினு போறான்னா அவ கூலிக்காரி இல்ல, பங்காளி வூட்டுக்காரி."

பக்கிரி தொடையில் தட்டிச் சிரித்தான். செல்வகுமாரி சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஷீட்டக் காட்டு. ஒண்ணாம் நம்பர் எது?"

தென்றல் காட்டினாள். ஒன்றாம் பிரேமில் வரிசை முழுக்க நாற்று. பெண்ணின் கை காலி. பன்னிரண்டாம் பிரேமில் வரிசை காலி, கை நிறைந்திருந்தது.

"அப்ப ஷீட்டே தலைகீழாத்தான் இருக்குது. உன்னோட படம் மட்டும் எப்படிச் சரியா ஓடுது?"

"சாஃப்ட்வேர்ல ரிவர்ஸ்னு ஒரு வசதி இருக்குது மேடம். பன்னெண்டுல இருந்து ஒண்ணுக்கு ஓட்டுன்னு சொல்லி வெக்கலாம்."

"அந்த உத்தரவு ஷீட்டோட போவுமா?"

"போவாது. ஷீட்ல வெறும் படம்தான்."

செல்வகுமாரி எழுந்துவிட்டாள். "பக்கிரி, வண்டிய எடு. வரைஞ்ச ஆளு முழுசா நட்ட வயல மொதல்ல வரைஞ்சி, ஒவ்வொரு நாத்தா அழிச்சிக்கினே போயிருக்காங்க. கூட்டி வரையறத விட அழிக்கறது சுளுவு. அப்புறம் பின்னாலேருந்து ஓட்டியிருக்காங்க. திருடுனவனுக்கு ஷீட்டு கெடச்சுது, உத்தரவு கெடைக்கல. ஒண்ணுல இருந்து பன்னெண்டுக்கு ஓட்டுனான். நடவுக்காரி பின்னால நடப்பான்னு அவனுக்குத் தெரியல."

தென்றலின் முகத்தில் பத்து நாளாக இல்லாத ரத்தம் ஓடியது. கல்பனா குனிந்து கூடையைப் பின்னத் தொடங்கினாள்.

மதகடிப்பட்டுக்கு ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் பள்ளம்.

"இந்த ரோட்டையும் பிக்சல்லதான் போட்டிருக்காங்க மேடம். நடுவுல நெறைய புள்ளிய அழிச்சிட்டாங்க."

"பேசாம ஓட்டு."

பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி. மதிய இடைவேளைக்கு இறங்கி வந்த ஹரிஹரனை அங்கேயே நிறுத்தினார்கள். ஒல்லியான பையன், சட்டைப்பையில் ஹெட்போன். செல்வகுமாரி வழியில் பென் டிரைவிலிருந்து அச்செடுத்த ஷீட்டை விரித்தாள்.

"இந்தப் பொண்ணு இன்னா செய்யறா தம்பி?"

"நாத்து புடுங்கறா."

"எல்லாத்தையும் புடுங்கிட்டா, அப்புறம் வயல்ல இன்னா வெளையும்?"

ஹரிஹரன் விழித்தான்.

"அரிசி எங்க இருந்து வருதுன்னு மேடம் கேக்கறாங்க," என்றான் பக்கிரி. "கடையில இருந்துன்னு சொல்லிடாத. எனக்கும் அவ்ளோதான் தெரியும்."

"உனக்கு எந்த ஊரு?"

"பனித்திட்டு."

"அப்பா?"

"போட்டுல மீன் புடிக்கறாரு. அம்மா மீன் யாவாரம்."

"வயல்ல எறங்கி இருக்கியா?"

"பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்."

செல்வகுமாரி பன்னிரண்டாம் பிரேமில் விரலை வைத்து, பின்னோக்கி ஒன்றாம் பிரேம்வரை நகர்த்தினாள். பாதி தூரத்தில் ஹரிஹரனுக்குப் புரிந்துவிட்டது. அவன் வாயில் ஸ்ட்ரா அப்படியே நின்றது. சாறு ஏறவில்லை.

"நடவா?"

"நடவு."

"எங்க ஊர்ல மணலும் போட்டும்தான் மேடம். எவனுக்குத் தெரியும் பின்னால நடப்பாங்கன்னு." ஸ்ட்ராவைத் தம்ளருக்குள் தள்ளினான். "நாலாம் நம்பர் சிஸ்டத்துல இருந்துச்சு. எடுத்தேன். எங்க வூட்ல இந்த வேலைய நம்பிக்கினு இருக்காங்க. போட்டுக்குப் போவாம ஒருத்தனாவது இருக்கட்டும்னு."

"எழுதிக் குடுப்பியா?"

"எழுதுனா நான் காலி."

"எழுதாட்டியும் நான் எழுதுவேன். அதுக்கு இந்த ஷீட்டே போதும்."

ஹரிஹரன் தம்ளரை வண்டியின் ஓரத்தில் வைத்தான். நிமிர்ந்து செல்வகுமாரியைப் பார்த்தான்.

"நான் திருடன்தான் மேடம். சரி. அவ மட்டும் யாரு?"

"இன்னா சொல்ற?"

"ஆறு மாசமா பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கோம். பந்து குதிக்கறத வரையச் சொன்னாங்க. அவ வரைஞ்ச பந்து செங்கல் மாதிரி வுழுந்துச்சு. கிளாசே சிரிச்சுது. அவ மவுஸப் புடிச்சி ஒரு பொம்ம வரைஞ்சி நான் பாத்ததே இல்ல. மறுநாள் காத்தால பென் டிரைவ்ல சூப்பரா ஒண்ணு கொண்டாருவா. நெட்ல எங்கயோ எடுக்கறான்னு நெனச்சேன். யாரோடதும் இல்லாத பொருளுதானேன்னுதான் நானும் எடுத்தேன்."

"பழியத் திருப்பிப் போடறான் மேடம்," என்றான் பக்கிரி.

செல்வகுமாரி நோட்டைத் திறந்தாள். காலையில் அவளே எழுதியது, அவளுடைய குண்டுக் கையெழுத்தில் இருந்தது: முதலில் வரைந்தது எது? முதல் பிரேம். கை நிறைய நாற்று முடி. அதற்குக் கீழே பதினைந்து நிமிடம் கழித்து எழுதியது: வரைந்தவர் கடைசியிலிருந்து, கை காலியாக, முழுசாய் நட்ட வயலிலிருந்து தொடங்கியவர்.

இரண்டு வரிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கச் சொன்னவள் அவளேதான்.

"இவன் பொய் சொல்லல பக்கிரி," என்றாள். "நான்தான் பாதி துப்புல கெளம்பிட்டேன். வண்டியத் திருப்பு."

ஒன்று முப்பத்தைந்துக்குக் குருவிநத்தம். தென்றல் தெருவிலேயே நின்றிருந்தாள்.

"கெடச்சுதா மேடம்?"

"கெடச்சுது. ஒத்துக்கினான்."

தென்றல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். செல்வகுமாரி அவளைத் தாண்டி உள்ளே போனாள். கல்பனா அதே வாசற்படியில் இருந்தாள். கூடை முக்கால் வரை ஏறியிருந்தது. கூடையின் வயிற்றில் ஒரு மயில், சின்னச் சின்னச் சதுரமாக அடுக்கிய மயில், கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. பக்கத்தில் வயர் கட்டுகள் கிடந்தன. கரும்பச்சை, கிளிப்பச்சை, காப்பி, சிவப்பு, வெள்ளை. செல்வகுமாரி திரையைப் பார்த்தாள். நாற்றின் நிழல் கரும்பச்சை, நாற்று கிளிப்பச்சை, சேறு காப்பி, புடவை சிவப்பு, தண்ணீரின் பளபளப்பு வெள்ளை.

"ஏன் அஞ்சே நெறம் கல்பனா?"

"பாகூர் கடையில அதான் கெடைக்குதுக்கா," என்றாள் கல்பனா, கூடையைப் பார்த்தபடி. பிறகு கேட்கப்பட்டது கூடையைப் பற்றி அல்ல என்று புரிந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

செல்வகுமாரி லேப்டாப்பை முக்காலியோடு தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தாள். "ஒரு ஆளு கரும்பு வெட்டறான். வரை."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? நான் எட்டாவது."

"வரை."

கல்பனா தென்றலைப் பார்த்தாள். தென்றல் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிதலே ஒரு பதில்தான் என்றாலும் செல்வகுமாரி காத்திருந்தாள். கல்பனா மவுஸில் கை வைத்தாள். முதலில் சாய்ந்து கிடக்கும் கரும்புகளை வைத்தாள். அவற்றின் மேல் தோகை. அரிவாள் கீழே தொங்க, வேலை முடித்து நிமிர்ந்த ஆள். பிறகு அடுத்த பிரேம்; சாய்ந்ததில் ஒரு கரும்பை அழித்து நிற்க வைத்தாள். நான்கு நிமிடத்தில் ஆறு பிரேம். ரிவர்ஸ் போட்டு ஓட்டினாள். நின்ற கரும்பு சாய்ந்தது. நிமிர்ந்த ஆள் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

பக்கிரி வாயைத் திறந்தான். ஒரு நகைச்சுவையும் வெளியே வரவில்லை. "எங்கப்பா இப்டித்தான் புடிப்பாரு," என்று மட்டும் சொன்னான்.

"ஏன் கடைசியில இருந்து?" என்று கேட்டாள் செல்வகுமாரி.

"கல்யாணத்துக்கு முன்னால எட்டு வருசம் நடவுக்குப் போனவக்கா நான். நடவுக்காரிக்கு நட்டு முடிச்சதுதான் கண்ணுக்கு எதுர்ல இருக்கும். மீதி வேல முதுகுக்குப் பின்னால. எனக்கு அப்படித்தான் வருது."

தென்றல் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல வூட்டுப்பாடத்த வெச்சிக்கினு நான் அழுதுக்கினு இருப்பேன் மேடம். அண்ணி வந்து, 'இன்னாடி இது, கூடைதானே'ன்னு போட்டுக் குடுத்துச்சு. அப்புறம் எல்லாமே அண்ணிதான்."

"மணிபாரதிக்குத் தெரியுமா?"

கல்பனா லேசாகச் சிரித்தாள். "வெள்ளத்துல லேப்டாப் போனப்ப, 'நல்லவேள, நீ தொடல. தொட்டிருந்தா உன்னாலதான் கெட்டுச்சுன்னு ஆயிருக்கும்'னாரு."

"வேலை கெடச்சா இன்னா பண்ணறதா இருந்தீங்க?"

"அவ சென்னைக்குப் போவா. பேசறது, இங்கிலீசு, மீட்டிங்கு எல்லாம் அவ. வரையறது நான். வரைஞ்சி போன்ல அனுப்பிடுவேன்."

"எதுல வரைவ? இது பக்கத்து வூட்டு லேப்டாப்பு."

"மொத மாசம் வாங்கி அனுப்பறேன்னிருக்கா."

"அத இந்த வூட்ல வெக்க உன் வூட்டுக்காரர் வுடுவாரா?"

வெளியே ஒரு கரும்பு டிராக்டர் போனது. அது போய் முடியும்வரை பேச முடியாது என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

மணி ஒன்று ஐம்பத்தைந்து.

செல்வகுமாரி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தாள் எழுதினாள். ஹரிஹரன் கொடுத்த படம் ஏன் தவறு, ஷீட் ஏன் அந்த வரிசையில் இருக்கிறது, அதை அவன் ஏன் வரைந்திருக்க முடியாது, கரும்புச்சாறு வண்டி அருகே அவன் ஒப்புக்கொண்ட நேரம் என்ன, உடனிருந்தவர் யார். வரிசை எண் போட்டு, கீழே கையெழுத்திட்டாள்.

"இவ்வளவும் உண்மை. இதுக்கு மேல ஒரு தாள் இருக்குது. வரைஞ்சது யாருன்னு சொல்ற தாள். அத நான் எழுத மாட்டேன் தென்றல். அது உன்னோட விளக்கம். உன் கையெழுத்து."

தென்றல் பேனாவை வாங்கிக்கொண்டாள். "அண்ணி பேர எழுதிடறேன்."

"எழுதி?" என்றாள் கல்பனா. "மையத்துல சேராதவளுக்கு வேல குடுப்பானா? நீயும் அண்ணி வரைஞ்சத உன்னதுன்னு குடுத்தவ ஆயிடுவ. அந்தப் பையனுக்கும் இல்ல, உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. யாருக்கும் இல்லாமப் போறதுக்குத் தபாலு எதுக்குடி?"

"பொய் எழுதச் சொல்றியா?"

"ஆறு மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்தோம்?"

பக்கிரி மூட்டையிலிருந்து இறங்கி வந்து மெல்லச் சொன்னான். "மேடம், நீங்கதான் ஏதாச்சும் சொல்லணும்."

"சொல்ல ஒண்ணும் இல்ல பக்கிரி. எனக்குக் கண்டுபுடிக்கத்தான் தெரியும்."

தென்றல் எழுதினாள். நிறுத்தி நிறுத்தி எழுதினாள். பெறுநர் முகவரி, பொருள், ஐயா. அதன்பின் ஒரு வரி எழுதிவிட்டு, தாளை அண்ணியிடம் நீட்டினாள். கல்பனா எழுத்துக் கூட்டாமல், சரளமாகவே படித்தாள்.

"'இப்படம் எங்கள் வீட்டில் வரையப்பட்டது.' இன்னாது இது?"

"அது பொய் இல்லியே அண்ணி."

"வூட்ல யாருன்னு கேப்பான். கேட்டா இன்னா சொல்லுவ? போன்ல உன் கொரல் நடுங்குனா முடிஞ்சிச்சு." கல்பனா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். வயர் இழுத்து இழுத்துத் தடித்த விரல். "அடிச்சிடு. 'நான்'னு எழுது."

"அண்ணி."

"எழுது. மணி ரெண்டேகால் ஆவுது."

தென்றல் அடித்தாள். அடித்த கோட்டுக்கு மேலே எழுதினால் சந்தேகப்படுவார்கள் என்று செல்வகுமாரியின் நோட்டிலிருந்து வேறு தாள் கேட்டாள். செல்வகுமாரி கிழித்துக் கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று கிழித்த பிறகு தோன்றியது.

இந்த முறை தென்றல் நிறுத்தாமல் எழுதினாள். 'இப்படத்தை நான் வரைந்தேன்.' கையெழுத்துப் போட்டாள். மூன்று தாளும் ஷீட்டின் அச்சும் உறைக்குள் போயின. உறையின் பசை காய்ந்து போயிருந்தது. கல்பனா சமையலறைக்குப் போய், மணிபாரதிக்கு வடித்து வைத்திருந்த சோற்றில் நாலு பருக்கை எடுத்து வந்து, மடிப்பின் ஓரம் முழுக்கத் தேய்த்து, முக்காலியில் வைத்து முழங்கையால் அழுத்தினாள்.

"நீயும் வாயேன் அண்ணி, பாகூர் வரைக்கும்."

"அவரு சாப்பாட்டுக்கு வர்ற நேரம். போ, போ. காஞ்சதும் கையில புடிச்சிக்கோ, மடிக்காத."

லேப்டாப்பை அவளே மூடி, பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். கரும்பு வெட்டும் ஆள் அதில் இருந்தான். அவனை யாரும் சேமிக்கவில்லை.

ஸ்கூட்டரில் மூன்று பேர். பக்கிரி வழியில் ஒரு பள்ளத்தையும் பற்றிப் பேசவில்லை. இரண்டு நாற்பத்தெட்டுக்குப் பாகூர் தபால் நிலையம். கவுன்டரில் இருந்தவர் உறையை எடை பார்த்தார், ஓரத்தைத் தடவிப் பார்த்தார், பிரியாது என்று திருப்திப்பட்டு, அனுப்புநர் பெயர் கேட்டார்.

"தென்றல்."

"இன்ஷியல்?"

சொன்னாள். அவர் தட்டச்சு செய்து, பட்டைக்கோடு போட்ட சீட்டை உறையில் ஒட்டி, ரசீதை நீட்டினார். "நாளைக்கு மத்தியானம் டெலிவரி ஆயிடும்மா."

மூவரும் வெளியே வந்து நின்றார்கள். போக அவசரம் எதுவும் இல்லை.

"அந்தப் பையன் இனிமே போட்டுக்குத்தான் போவான் இல்ல மேடம்?" என்றான் பக்கிரி.

"ஆமா."

தென்றல் ரசீதை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, பெயர் எழுதிய இடத்தைப் பார்த்தாள்.

"அண்ணி இந்நேரம் சாப்ட்ருக்காது," என்றாள்.

மூன்று பத்துக்குத் தபால் வண்டி வந்தது. உள்ளே பையின் வாயைக் கட்டி, முத்திரை வைத்து, தூக்கி வந்து வண்டிக்குள் போட்டார்கள். டிரைவர் கதவைச் சாத்தினார்.